சிங்கராயரின் வேப்பமர நிழல்

சிங்கராயருக்கு நாற்பது ஏக்கர் கடலைக்காடு. காட்டோரம் நெடுக வேப்பமரங்கள்; அதில் ஒன்றின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் விவசாயம் பார்ப்பார். அந்த வருஷம் செடிகள் திட்டுத்திட்டாக வாடின.

"களை வெட்டுறவளுக வேரையும் வெட்டிட்டாளுக!" என்று குதித்தார்.

களை வெட்டிக்கொண்டிருந்த மூக்கம்மா நிமிர்ந்தாள். "வேரைத் தின்னது வெள்ளைப்புழுங்கய்யா."

"புழு இருந்தா காடு பூரா இருக்கணும். நட்டநடுவுல பத்துக் குழி தோண்டச் சொல்லிப் பாத்துட்டேன், ஒண்ணுகூட இல்ல. நீ ஒரே ஒரு வெட்டு வெட்டு. புழு வரலேன்னா நாளையிலிருந்து ஒருத்தியும் வேலைக்கு வரக்கூடாது."

மூக்கம்மா களைக்கொத்தோடு நேரே வேப்பமரத்துக்கு நடந்தாள்.

"காலை மடக்குங்கய்யா."

அவர் கால் நீட்டியிருந்த இடத்தில் வாடிக்கிடந்த செடியடியில் ஒரே வெட்டு. கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப்புழுக்கள் சுருண்டு சுருண்டு விழுந்தன. சிங்கராயர் நாற்காலிமேல் ஏறி நின்றார்.

"கோடை மழை பெஞ்சதும் வண்டு வேப்பிலை தின்ன வரும். தின்னுட்டு மரத்தைச் சுத்தியே மண்ணுல முட்டை வைக்கும். அது பொரிஞ்சு வர்றதுதான் இந்தப் புழு. அப்புறம் நடுக்காட்டுல எப்படிங்கய்யா இருக்கும்?"

சிங்கராயரின் குரல் இறங்கியது. "வேற எங்கெல்லாம் இருக்கு?"

மூக்கம்மா களைக்கொத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"இறங்கிக் குனிங்கய்யா, காட்டுறேன்."