இரண்டு கரையும் ஜெயித்த நாள்

ஒரு நாட்டை இரண்டாக வெட்டினார்கள். வெட்டியவர்களுக்கு வசதியாக நடுவில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. வடகரை ஒரு நாடு, தென்கரை ஒரு நாடு. பிறகு சண்டை.

தென்கரை மடத்தில் லியென் என்ற பிக்குணி குருவாக இருந்தார். அவருடைய சீடர் பாவோவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. குருவைவிட மூத்தவர். ஆனாலும் வாய் நிறைய "தாயே" என்றுதான் கூப்பிடுவார். பாவோவின் ஒரே மகள் மின் வடகரையில் இருந்தாள். கட்டிக்கொடுத்தபோது அது வேறு நாடு இல்லை, அடுத்த ஊர்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் துப்பாக்கிகள் சும்மா கிடக்கும். அன்று இரண்டு கரைக்காரர்களும் ஆற்றின் குறுக்கே கயிறு இழுப்பார்கள். பாட்டன் காலத்து வழக்கம். தோற்ற கரைக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஜெயித்த கரையில் ஏறி, பொழுது சாயும்வரை அங்கே விருந்து சாப்பிட வேண்டும். ஜெயித்துக் காட்ட இரண்டு அரசுகளுக்கும் ஆசை. அதனால் இதை மட்டும் விட்டுவைத்திருந்தன. சனங்களுக்கோ யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். ஒரு வேளையாவது சொந்தபந்தங்களைக் கட்டிப்பிடித்து அழலாம்.

அந்த வருஷம் காலையிலேயே பாவோ மடத்துக்குள் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

"தாயே, கடல்தாண்டி வந்திருக்கிற பெரிய நாட்டுக்காரங்க நமக்காக ராணுவ லாரி கொண்டுவந்திருக்காங்க! கயித்தை அதுல கட்டி இழுக்கப் போறாங்களாம். போன வருஷம் மின் பிள்ளைத்தாய்ச்சியா இருந்தா. இன்னிக்குப் பேரனைத் தூக்கிட்டு வருவா. நான் அவனை இன்னும் தொட்டதுகூட இல்லை. பலசாலி ஒருத்தன் உதவிக்கு வந்தா நல்லதுதானே, தாயே?"

"லாரி தோத்துட்டா, அது அக்கரைக்குச் சாப்பிடப் போகுமா?" என்று கேட்டார் லியென்.

பாவோ விழுந்து விழுந்து சிரித்தார். "லாரி எங்கே தாயே தோக்கப் போகுது!"

"வாங்க, பார்ப்போம்."

கரையில் எள் போட்டால் விழாத கூட்டம். இழுப்பவர்களுக்குப் பாட்டுக் குரல் கொடுக்கும் ஹுவான், லாரியில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்ததும் கத்தினான். "அவுத்துடுங்கய்யா! கையால இழுப்போம். இது நம்ம ஆட்டம்!"

நாலு போலீஸ்காரர்கள் பாய்ந்து வந்து அவனைத் தூக்கி ஜீப்பில் போட்டார்கள். எதிரியின் ஆளாம். பாவோ ஜீப்பை ஒருமுறை பார்த்தார். பிறகு அக்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மஞ்சள் சட்டையில் மின் நின்றாள். குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

கொம்பு ஒலித்தது. லாரி உறுமியது. கயிறு விறுவிறுவென்று தென்கரைக்கு வந்தது.

"வந்துடு! வந்துடு!" பாவோ சின்னப் பிள்ளைபோலக் குதித்தார்.

திடீரென்று கயிறு நின்றது. அக்கரை மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு டாங்கி உறுமியது. அவர்களுக்கும் ஒரு பெரிய நாடு வாய்த்திருந்தது. இரண்டு எஞ்சின்களும் கதறின. கூடவே கயிற்றைப் பிடித்திருந்தவர்களின் உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஒவ்வொருவராகக் கையை விட்டார்கள். கடைசியில் எந்தக் கரையிலும் கயிற்றில் ஒரு மனுஷக் கைகூட இல்லை. லாரியும் டாங்கியும் இழுத்தன, சனங்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

படீரென்று கயிறு நடுவில் அறுந்தது.

தென்கரை ஒலிபெருக்கி முழங்கியது. "வெற்றி! கயிறு நம்மிடம்!" அக்கரை ஒலிபெருக்கியும் அதையேதான் சொன்னது. பிறகு இரண்டுமே எச்சரித்தன: "தோற்றோம் என்று சொல்பவன் தேசத்துரோகி. யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது." கை தட்டச் சொன்னார்கள். ரத்தம் கசியும் கைகளால் சனங்கள் தட்டினார்கள்.

பாவோ குருவின் பக்கம் திரும்பினார். குரல் உடைந்திருந்தது.

"ரெண்டு கரையும் ஜெயிச்சா யார் தாயே போறது? யார் வர்றது? பேரனை நான் எப்படிப் பார்க்கிறது?"

லியென் செருப்பைக் கழற்றினார். அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்.

ஓர் அதிகாரி துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். "ஏய், நில்லு! எங்கே போறே?"

"விருந்துக்கு," என்றார் லியென், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி. "நான் தோத்துட்டேன்."

கைதட்டல் நின்றுபோனது. அவர் நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தார்.

"நீங்க ஜெயிச்சுட்டீங்களா, பாவோ?"

தண்ணீர் பாவோவின் முழங்காலுக்கு வந்திருந்தது.