தோகை உதிர்ந்த இயக்குநர்

நாணல் ஏரியில் ஆமைகள்தான் படகு. முயல், அணில், ஓணான் என்று நீந்தத் தெரியாத சின்ன உயிர்களை முதுகில் ஏற்றி அக்கரையில் கொண்டுபோய் விடும். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. இக்கரையில் பச்சை என்று சொல்ல ஒரு புல் இல்லை. சாப்பாடு எல்லாம் அக்கரையில்தான்.

இந்த வேலையை நடத்தியது ‘நாணல் ஏரி ஆமைப் போக்குவரத்து லிமிடெட்’. அதற்கு இரண்டு இயக்குநர்கள். ஒருத்தி வேணி என்ற நீர்நாய். விடிந்தால் படித்துறையில் நிற்பாள். இன்னொருவன் சிங்காரம் என்ற மயில். பலகையில் பெயர் எழுதுவார்கள் என்ற ஒரே ஆசையில் இயக்குநரானவன். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போனான். அப்புறம் படித்துறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஒருநாள் பதிவாளர் யானையம்மாவிடமிருந்து புதுச் சட்டம் வந்தது. ஒவ்வொரு இயக்குநரும் ஆவணிப் பௌர்ணமிக்குள் நேரில் வர வேண்டும். தான் இன்னார் என்று காட்ட வேண்டும். நிறுவனத்தின் நிலைமையைப் படித்துப் பார்த்து, சரி என்று உறுதி சொல்ல வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் போகக் கூடாது. இரண்டு பேரில் ஒருவர் வராவிட்டாலும் நிறுவனத்தின் பெயரை ஏட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். அப்புறம் ஆமை ஓடக் கூடாது.

வேணி அன்றைக்கே போய் முடித்துவிட்டு, மயிலைத் தேடி வந்தாள்.

“அண்ணே, ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க.”

“நம்ம கம்பெனி லிமிடெட் இல்லையா?” என்றான் சிங்காரம், இறகைக் கோதிக்கொண்டே. “லிமிடெட்னா பொறுப்பு அளவோடதான்னு அர்த்தம். என் அளவு கையெழுத்தோட முடிஞ்சுபோச்சு.”

“அந்த அளவு, நட்டம் வந்தா நம்ம தலையில எவ்வளவு விழும்கறதுக்குத்தான் அண்ணே. வேலைக்கு ஏது அளவு?”

“சரி சரி, நாளைக்குப் போறேன்.”

அந்த நாளை வரவே இல்லை. ஆவணி மாதம்தான் வந்தது. ஆவணியில் மயிலுக்கு இறகு உதிரும். இன்றைக்கு நாலு, நாளைக்குப் பத்து என்று கொட்டி, பௌர்ணமியன்று காலையில் சிங்காரத்தின் பின்னால் ஒன்றுமே மிச்சமில்லை. அப்போதுதான் கெடு அவனுக்கு ஞாபகம் வந்தது. அடித்துப் பிடித்து ஓடினான்.

யானையம்மா ஏட்டைப் புரட்டினாள்.

“சிங்காரம், மயில். அடையாளம், நீண்ட தோகை. எங்கே தோகை?”

“உதிர்ந்துபோச்சு அம்மா.”

“எல்லாரும் கால்தடம்தானே பதிப்பாங்க? நீங்க ஏன் தோகையை எழுத வச்சீங்க?”

சிங்காரம் நெளிந்தான். “என் கால் பார்க்க நல்லா இருக்காது அம்மா.”

வரிசையில் நின்ற நரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. யானையம்மா சிரிக்கவில்லை.

“போகட்டும். இயக்குநர்னா நிறுவனத்தைப் பத்தித் தெரிஞ்சிருக்கும். இப்ப எத்தனை ஆமை ஓடுது?”

“ஏழு... எட்டு இருக்கும்.”

“இருக்கும்னு சொன்னா நான் எப்படி நம்பறது? யாரோ ஒரு காட்டுக்கோழின்னுதான் நினைப்பேன். சூரியன் மறையற வரைக்கும் நேரம் தரேன். அதுக்குள்ள நீங்கதான் இயக்குநர்னு காட்டுங்க. இல்லேன்னா பெயரை அடிச்சுடுவேன்.”

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு படித்துறைக்கு வந்தான் சிங்காரம். அங்கே ஒரு முயலம்மா மூன்று குட்டிகளோடு காத்திருந்தாள்.

“நாளையிலேர்ந்து ஆமை ஓடாதாமே, நிசமா?” என்று கேட்டாள். “புள்ளைங்க இந்தக் காஞ்ச புல்லத் தின்னு எத்தனை நாள் தாங்கும்?”

சிங்காரத்துக்கு வெட்கமாக இருந்தது. நேரே வேணியிடம் போனான்.

“தப்புப் பண்ணிட்டேன் வேணி. எல்லாத்தையும் காட்டு.”

“வாங்கண்ணே,” என்று அவள் அவனை ஓர் ஆமையின் முதுகில் ஏற்றிவிட்டாள். சிங்காரம் அந்த ஏரியைக் கடந்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வோர் ஆமையிடமும் பெயர் கேட்டான், சுகம் விசாரித்தான். பேச்சி என்ற கிழ ஆமை மட்டும் பேசாமல் மிதந்தது. குனிந்து பார்த்தான். ஓட்டில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல்.

“வேணிகிட்ட ஏன் சொல்லலே?”

“சொன்னா வேலையை விட்டு நிறுத்திருவீங்களே சாமி.”

“நிறுத்தல. ஆறுற வரைக்கும் படித்துறையில உட்கார்ந்து வரிசையைப் பார்த்துக்க.”

பேச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் பொழுது சாய்ந்து, வெயில் மரத்து உச்சிக்குப் போயிருந்தது. சிங்காரம் மூச்சிரைக்க ஓடினான்.

யானையம்மா ஏட்டை அவன் முன்னால் வைத்தாள். “படிச்சுப் பாருங்க. எல்லாம் சரின்னா உறுதி சொல்லுங்க. வேலையை முடிச்சுடலாம்.”

போன தடவை படிக்காமலே கையெழுத்துப் போட்டவன், இந்தத் தடவை வரிவரியாகப் படித்தான். சட்டென்று தலையை நிமிர்த்தினான்.

“உறுதி சொல்ல முடியாது அம்மா. ஆறு ஆமை ஓடறதா எழுதியிருக்கு.”

“வேணி அப்படித்தானே சொன்னாங்க?”

“அவளுக்கும் தெரியாது அம்மா. ஏட்டில ஆறு. தண்ணியில அஞ்சுதான். பேச்சிக்கு ஓடு விரிஞ்சுபோச்சு. இன்னைக்குத்தான் பார்த்தேன். திருத்தி எழுதுங்க, அப்புறம் உறுதி சொல்றேன்.”

யானையம்மா காது இரண்டும் ஆட, வாய்விட்டுச் சிரித்தாள்.

“வேற யாராவதா இருந்தா ஆறுன்னு ஒத்துக்கிட்டுப் போயிருப்பாங்க. நீங்கதான் இயக்குநர்! அடையாளத்துக்கு என்ன எழுதட்டும்?”

சிங்காரம் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. காலைத் தூக்கி ஈரமண்ணில் அழுத்தமாகப் பதித்தான்.

மறுநாள் காலையில் ஐந்து ஆமைகளும் புறப்பட்டன. முயல்குட்டிகள் அக்கரைப் புல்லில் விழுந்து புரண்டன.

பதவியைப் பலகையில் உள்ள பெயர் காட்டாது. நேரில் போய்ப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்லும் பொறுப்புத்தான் காட்டும்.