நீர்நாய்க்கு வராத வெற்றிலை

குட்டைக்கரைக் காட்டுக் கல்லூரியில் பந்துக் குழுவுக்குத் தலைவி கீரி. அவளுக்கு அன்று காலையிலேயே தலைவலி.

அவர்கள் ஆடுவது வலைக்கம்பு ஆட்டம். நீளக் கம்பின் நுனியில் தூக்கணாங்குருவி பின்னிய வலைப்பை இருக்கும். அதில் விளாங்காயைப் பிடித்து, ஓடி, எதிராளியின் கூண்டுக்குள் வீச வேண்டும். ஓடுவதற்கு முயல்கள் இருந்தன. வீசுவதற்குக் கீரி இருந்தாள். கூண்டுக்கு முன்னால் நின்று தடுக்கத்தான் ஆள் இல்லை. போன வருஷம் ஆமையை நிறுத்தினார்கள். விளாங்காய் வந்தபோதெல்லாம் ஆமை ஓட்டுக்குள் போய்விட்டது.

கல்லூரித் தலைவர் யானை கறாராகச் சொல்லிவிட்டார்.

"பௌர்ணமியன்னைக்குக் கருமலைக் கல்லூரியோட ஆட்டம். இதுலயும் தோத்தீங்கன்னா குழுவைக் கலைச்சிடுவேன். மைதானத்தைக் காட்டுப்பன்றிகளுக்குக் கொடுத்திடுவேன். அதுங்க புரள இடம் கேட்டு என்னை நச்சரிக்குதுங்க!"

அந்த மைதானத்தை விட்டால் கீரிக்கு ஓடியாட வேறு இடமே கிடையாது. சுற்றிலும் முள்ளுக்காடு.

அவள் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் உடும்பிடம் ஓடினாள்.

"மாஸ்டர், நம்ம குட்டையிலேயே நீர்நாய் அக்கா இருக்காங்க. மல்லாக்கப் படுத்துக்கிட்டே கூழாங்கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறாங்க. ஒரு கல்லு தவறினதில்லை. அவங்களைக் கூப்பிடுங்க!"

உடும்பு தேக்கிலையில் வெற்றிலையும் பாக்கும் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். ஆட வருகிறவர்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான் அந்தக் காட்டு முறை. கல்யாணத்துக்கு அழைப்பது போல, பெரியவர் நேரில் போய் வைக்க வேண்டும்.

"நீர்நாயா? தினம் குளிக்கப் போறப்ப பார்க்கிறவதானே! நான் மேற்கு மலைக்குப் போறேன். அங்க ஒரு கருமந்தி இருக்கானாம். பேரு நாலு காட்டுக்கும் பரவியிருக்கு!"

அவர் வாலை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கீரி குட்டைக்குப் போனாள். நீர்நாய் தன் குட்டியின் வாயில் ஒட்டியிருந்த மீன் செதிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கூண்டுல நிக்க நீங்க வாங்களேன்!"

"எனக்கும் ஆசைதான் கீரி. மாஸ்டர் வந்து வெத்தலை வைக்கட்டும். குட்டியைத் தூக்கிக்கிட்டே வந்துடறேன்."

"நான் கூப்பிட்டா ஆகாதா?"

"நீ சின்னவ. நாளைக்கு நாலு பேரு, 'கூப்பிடாமலே வந்து நிக்கிறா பாரு'ன்னு சொன்னா, நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?"

கருமந்தி வந்தான். வந்ததும், "பலாமரம் எங்கே?" என்றான். மரத்தைக் காட்டினார்கள். "வெயில் முகத்துல அடிக்குது. நிழலான மரம் இல்லையா?" என்றான். வேறு மரம் காட்டினார்கள். பழம் தீரும்வரை இருந்தான். பயிற்சிக்கு இறங்கச் சொன்ன அன்று இருமினான். மறுநாள் மரம் காலி!

"அவன் சரியில்லை. கிழக்குப் பள்ளத்தாக்குல ஒரு புனுகுப்பூனை இருக்காம்!" என்றார் உடும்பு. திரும்பவும் வெற்றிலையை மடித்தார்.

புனுகுப்பூனையும் வந்தது. பகலெல்லாம் தூங்கியது. எழுப்பினால் சீறியது.

"மாஸ்டர், உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். குட்டை இங்கருந்து கூப்பிடு தூரம். ஒரே ஒரு வெத்தலை!" என்று கீரி கெஞ்சினாள்.

"அட போம்மா! அவ நம்ம வீட்டுப் பொண்ணு. அவளுக்கு எதுக்கு வெத்தலை? ஆட்டத்தன்னைக்கு ஒரு சத்தம் கொடுத்தா ஓடி வந்திடுவா!"



பௌர்ணமியும் வந்தது. புனுகுப்பூனை ராத்திரியோடு ராத்திரியாகப் போயிருந்தது. உடும்பு குட்டைக்கரையில் நின்று, "ஏ நீர்நாய்! ஏம்மா!" என்று தொண்டை வறளக் கத்தினார். தவளைகள்தான் பதில் சொல்லின.

வேறு வழியில்லாமல் ஆமையையே கூண்டில் நிறுத்தினார்கள். கருமலைக் குழு மைதானத்தில் இறங்கியது. கீரி எதிர்க் கூண்டைப் பார்த்தாள்.

அங்கே கையில் வலைக்கம்போடு நின்றது நீர்நாய்! கருமலைக் கரடி மாஸ்டர் மடியில் அவள் குட்டி உட்கார்ந்து தேன் நக்கிக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி! நம்ம குட்டைக்காரி இல்லையா நீ?" என்று உடும்பு அலறினார்.

"குட்டைக்காரிதான் மாஸ்டர். கரடி மாஸ்டர் தண்ணி குடிக்க வந்தவர், நான் கல்லு பிடிக்கிறதைப் பார்த்தார். மறுநாளே மலையிறங்கி வந்து வெத்தலை வச்சார். நீங்க தினமும் என் பக்கத்துலதான் குளிச்சீங்க!"

ஆட்டம் தொடங்கியது. கீரி வீசினாள், நீர்நாய் பிடித்தாள். கீரி சுழன்று வீசினாள், பிடித்தாள். கீரி தரையோடு உருட்டிவிட்டாள், குனிந்து அள்ளினாள். இந்தப் பக்கம் ஆமையின் ஓட்டில் பட்டுப் பட்டு விளாங்காய் கூண்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் நீர்நாய் கீரியிடம் வந்தாள். "கோவிச்சுக்காதே கீரி. நீ கூப்பிட்டே, மறக்கலை."

"உங்க மேல கோவமில்லை அக்கா," என்றாள் கீரி.

உடும்பு வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "விடு கீரி! கடற்கரைக் காட்டுல ஒரு பெரிய நண்டு இருக்காம். பிடிச்ச பிடியை விடாதாம். அடுத்த வருஷம் வெத்தலையோட நானே போய்..."

"எந்த மைதானத்துல ஆட மாஸ்டர்?" என்று கத்தினாள் கீரி.

அவர்களுக்குப் பின்னால் காட்டுப்பன்றிகள் புல்லைக் கிளறிப் புரளத் தொடங்கியிருந்தன.

கூடவே இருப்பவர் எங்கே போய்விடப் போகிறார் என்று அழைக்காமல் விட்டால், அவர் திறமை நமக்கு எதிராக வந்து நிற்கும்.