கதவு நிறத்தில் காப்பி

கோணவாய்க்கால் கிராமத்தில் ஐயாறப்பன், பொன்னம்பலம், கலியன் என்று மூன்று சகோதரர்கள். மூவருக்கும் மனசு தங்கம். மூளையை மட்டும் பகவான் ‘அப்புறம் தரலாம்’ என்று எடுத்து வைத்து மறந்துவிட்டார் போலிருக்கிறது.

அன்று நாலு மணிக்கு அவர்கள் தங்கை செண்பகத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா சிவக்கொழுந்து, காப்பி சரியில்லை என்று ஏற்கெனவே இரண்டு சம்பந்தத்தைத் தட்டிக் கழித்தவர். செண்பகத்துக்கோ போட்டோவிலேயே பையனைப் பிடித்துப் போயிற்று. பாவம், பிள்ளையாருக்கு ஒன்பது தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

கும்பகோணத்து மாமா, காப்பிக்கொட்டை வறுக்கிற கரண்ட் மிஷினும் ஒரு பை பச்சைக் கொட்டையும் அனுப்பியிருந்தார். போனில் சொன்னார்: “கொட்டை உங்க வாசக்கதவு நிறத்துக்கு வந்ததும் மிஷினை நிறுத்திடுங்கப்பா.”

மாமா பார்த்த காலத்தில் அது காப்பி நிறக் கதவு. பெண் பார்க்க வருகிறார்களே என்று போன வாரம்தான் பச்சை அடித்திருந்தார்கள். அது மாமாவுக்குத் தெரியாது.

கொட்டையை மிஷினில் கொட்டிவிட்டு, கலியன் வாசலுக்கு ஓடிக் கதவைப் பார்த்துவிட்டு வந்தான். “வர்றதுக்குள்ள நிறம் மறந்துடுதுண்ணே.”

“அப்ப கதவை இங்கே கொண்டா” என்றான் பொன்னம்பலம். கழற்றிக் கொண்டுவந்து அடுப்படிச் சுவரில் சாத்தினார்கள்.

“அண்ணே, ரெண்டும் ஒரே நிறமா இருக்கே.”

“மிஷினை இன்னும் போடவே இல்லையேடா.”

“போடறதுக்கு முந்தியே வறுத்துடுச்சு. உசத்தியான மிஷின்.”

ஐயாறப்பன் யோசித்தான். “மாமா நிறுத்தச் சொல்லியிருக்கார். ஓடாததை எப்படி நிறுத்தறது? போட்டு உடனே நிறுத்து.”

போட்டார்கள். நிறுத்தினார்கள்.

செண்பகம் போனை எடுத்து நீட்டினாள். “எதுக்கும் மாமாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கண்ணா.”

“கொட்டை கதவு நிறத்துல இருக்கா?” என்றார் மாமா.

“அசல் அதே நிறம் மாமா.”

“அப்புறம் என்ன? அரைங்க.”

மிக்ஸி ஒரு தரம் அலறி ஓய்ந்தது. உரலில் போட்டு இடித்தார்கள். பில்டரில் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஏதோ இறங்கியது.

நாலு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். வாசலில் கதவைக் காணோம். “தட்டாம உள்ளே போறது மரியாதையில்லே” என்று சிவக்கொழுந்து வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கமாக அடுப்படிக்கே வந்துவிட்டார். சாத்தியிருந்த கதவைக் கண்டதும் நின்று தட்டினார்.

“யாரது?” என்றான் பக்கத்திலேயே நின்ற ஐயாறப்பன்.

“பொண்ணு பார்க்க வந்திருக்கோம்.”

“இருங்க, திறக்கிறோம்.” இரண்டு பேர் கதவைத் தூக்கி நகர்த்தி வைத்தார்கள். “உள்ளே வாங்க.”

செண்பகம் காப்பி கொடுத்தாள். சிவக்கொழுந்து ஒரு வாய் குடித்தார். முகம் கோணிற்று.

“என்ன காப்பி இது?”

“கதவு நிறத்துக்கு வறுத்ததுங்க” என்றான் கலியன்.

அவர் எழுந்தார். மிச்சமிருந்த கொட்டை ஒன்றை எடுத்துக் கதவில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். செண்பகம் பத்தாவது தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

“வறுத்தது சரிதான். குத்தம் கதவு மேலே. பொண்ணு என்ன செய்வா, பாவம். தட்டு மாத்திக்கலாம்” என்றார். “ஆனா ஒண்ணு. கல்யாணக் காப்பிக்கு எங்க வீட்டுக் கதவைத்தான் வைக்கணும். நல்ல கறுப்பு. காப்பி திடமா இருக்கும்.”

சொன்னபடியே முகூர்த்தத்தன்று மாலை போட்டு, நாலு பேர் தூக்க, மேளத்தோடு கதவு வந்து இறங்கியது. குடும்பத்தோடு கிளம்பி வருகிறோம், வீட்டைத் திறந்து போட்டுவிட்டா வருவது என்று சிவக்கொழுந்து அதைப் பூட்டியே கொண்டுவந்திருந்தார்.