வாத்தின் கண்

"அந்தப் படத்தை அழிச்சிரட்டுமா, டீச்சர்?" என்று கேட்டார் எபனேசர்.

இசக்கியம்மாள் குளத்தங்கரையில் உட்கார்ந்து பைனாகுலர் வழியே காட்டு வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடிக்கிற வரைக்கும் யாருக்கும் பதில் சொல்ல மாட்டாள். அது எபனேசருக்கும் தெரியும். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு முப்பத்து மூன்று. தபால் ஆபீஸில் வேலை. பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இறைச்சிக் கடை வாத்தைத் தவிர வேறு வாத்தே அறியாத மனிதருக்கு, பறக்கும்போதே ஊசிவால் வாத்து எது, புள்ளிமூக்கு வாத்து எது என்று பிரித்துக் காட்டியவள் அவள்தான். அதனால் டீச்சர்.

முதல் வருஷம் முழுக்கக் கேமராவைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். முதலில் சும்மா பார்க்கப் பழக வேண்டுமாம். புதுக் கேமரா பீரோவுக்குள் தூங்கியது. மனிதர் அதற்கும் கட்டுப்பட்டார்.

எண்ணி முடித்து நோட்டில் எழுதிவிட்டு அவள் திரும்பினாள்.

"எந்தப் படம், சார்?"

"காலண்டர் படம்."

பறவைச் சங்கம் ஒன்று அடுத்த வருஷக் காலண்டரின் அட்டைக்கு அவர் போன வாரம் எடுத்த படத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. கோரைப்புல்லுக்கு நடுவில், கூட்டில் உட்கார்ந்திருக்கும் புள்ளிமூக்கு வாத்து. பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். சம்மதத்தை இன்று மதியத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

"நல்ல படமாச்சே, சார். எதுக்கு அழிக்கணும்?"

எபனேசர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

மூன்று நாள் காத்திருந்தும் படம் சரியாக அமையவில்லை. ஒரு கோரைத் தாள் வாத்தின் கண்ணுக்கு நேர் குறுக்கே நின்றது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இன்னொன்று வந்து மறைத்தது. நான்காம் நாள் வாத்து இரை தேடப் போன நேரத்தில், சாவிக்கொத்தில் தொங்கிய சின்னக் கத்தியால் கூட்டுக்கு முன்னால் இருந்த புல்லை வெட்டிவிட்டார். ஒரு கைப்பிடிதான் இருக்கும். வாத்து திரும்பி வந்து உட்கார்ந்தது. படம் கண்ணாடி மாதிரி விழுந்தது.

இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது கூடு காலி. ஒன்பது முட்டையும் இல்லை. ஓடுகள்தான் சிதறிக் கிடந்தன. பக்கத்துக் கருவேல மரத்தில் காக்காய் உட்கார்ந்திருந்தது.

"எனக்கு நல்லாத் தெரிஞ்ச கூடு, காக்காய்க்கும் நல்லாத் தெரிஞ்சிருச்சு" என்றார்.

சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார். இசக்கியம்மாள் திட்டவில்லை. அவருக்கோ நாலு வார்த்தை திட்டு வாங்கினால் தேவலை என்றிருந்தது.

அவள் எழுந்து நடந்தாள். அவரும் பின்னால் போனார். கூடு இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். புள்ளிமூக்கு வாத்து ஒன்று தண்ணீரிலிருந்து ஏறி, வெட்டுப்பட்ட புல்வரைக்கும் வந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தது. திரும்ப இறங்கிப் போனது. சற்று நேரம் கழித்து மறுபடி வந்தது.

எபனேசருக்கு அழுகை முட்டியது. மனைவியை அடக்கம் செய்த நாளுக்கு அப்புறம் அவர் அழுததில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் ஆறுதல், டீச்சர்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இது என்னைக் கண்டு பயப்படல. பத்தடியில நின்னேன், அசையவே இல்ல. அவ்வளவு நம்பிக்கை என் மேல."

இசக்கியம்மாள் கையை நீட்டினாள். போனில் அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தார்.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாத்தின் தலைமேல் இரண்டு விரலை வைத்து விரித்தாள். தலை பெரிதானது. இன்னும் விரித்தாள். திரை முழுக்கக் கண் மட்டும் நின்றது.

கறுத்த கண். அதில் வானத்தின் வெளிச்சம் ஒரு பொட்டு. அந்த வெளிச்சத்துக்கு நடுவில், தொப்பி போட்டுக்கொண்டு, முழங்கையைத் தூக்கியபடி ஒரு சின்ன உருவம்.

"இது யாரு, சார்?"

எபனேசர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

"அதுக்கு எந்திரிச்சுப் பறக்க எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டாள். "அடியில முட்டை கெடக்கே, விட்டுட்டு எப்படிப் போகும்?"

போனை அவர் கையில் வைத்துவிட்டுக் கரைக்குப் போய்விட்டாள். அழிக்கச் சொல்லவுமில்லை, வைத்துக்கொள்ளச் சொல்லவுமில்லை.

அவர் அங்கேயே நின்றார். வெயில் ஏறியது. கையிலிருந்த போன் அடித்தது. காலண்டர்க்காரர்தான். அச்சகத்தில் காத்திருக்கிறார்கள், அனுப்பிவிடலாமா என்றார். வேண்டாம் என்றார் எபனேசர். அந்த மனிதர் பதறிப்போனார். இத்தனை வருஷத்தில் இப்படியொரு படம் வந்ததே இல்லையாம். பெரிதாக்கி, சிறிதாக்கி, எப்படிப் பார்த்தும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

"அப்படி என்ன சார் குறை அதுல?"

"அதுல நான் நிக்கேன்" என்றார் எபனேசர்.