கொக்குச் சுவர்

"இந்த ஊர் ஜனங்களுக்கு நல்லது பண்ணினா பிடிக்காதுக்கா," என்றான் ஜெரால்டு.

பெனாசிர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தெருக்களையும் பஸ் நிறுத்தங்களையும் புதிதாக வடிவமைக்கும் அந்தச் சின்ன அலுவலகம் அவளுடையது. அவனைவிட நான்கே வயது மூத்தவள். அவளிடம் அவன் தொழிலைக் கற்றுக்கொண்டுவிட்டான். பொறுமையைக் கற்றுக்கொள்ளத்தான் நேரம் கிடைக்கவில்லை.

"இப்ப என்ன?"

"நிழற்குடைக்குள்ள ஒருத்தர்கூட வர மாட்டேங்கிறாங்க. பக்கத்துல கரண்ட் கம்பத்துக்கிட்ட, சுட்டெரிக்கிற வெயில்ல நிக்கிறாங்க. பெஞ்சு காலியா கிடக்கு. யாரும் வராட்டி வெள்ளிக்கிழமை பிரிச்சுடுவோம்னு மாநகராட்சில சொல்லிட்டாங்க."

அவன் வரைந்து, கட்டி முடிந்த முதல் நிழற்குடை அது. மூன்று மாதம் வெயிலை அளந்து, மாலை வெயில் பொட்டளவும் விழாதபடி மேற்கே ஒரு முழுச் சுவர் எழுப்பியிருந்தான். சுவர் முழுக்கக் கொக்குகள் பறக்கும் ஓவியம். அதைப் படம் எடுக்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பஸ் ஏறத்தான் யாரும் வரவில்லை.

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். இங்கயே இருந்துக்கிறோம் தம்பிங்கிறாங்க. தலையில அடிச்சுக்கணும் போல இருக்கு."

"என்ன பண்ணலாம்கிற?"

வரைபடத்தை மேசைமேல் விரித்தான். நடைபாதை நெடுக இரும்புக் கம்பி வேலி. நிழற்குடைக்கு முன்னால் மட்டும் ஒரு திறப்பு.

"இனி வேற எங்கயும் நிக்க முடியாது. உள்ள வந்துதான் ஆகணும்."

பெனாசிர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். சண்டை போடத் தயாராக வந்தவனுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"நாலு மணிக்குள்ள மாநகராட்சில குடுத்துடு. பஸ்ல போ. உன் நிழற்குடையில உக்காந்து ஏறு."

"பைக் இருக்கேக்கா."

"சாவியை இங்க வை."

இரண்டேகாலுக்குப் போய் உட்கார்ந்தான். நிழல் சுகமாக இருந்தது. தன்னைத்தானே மெச்சிக்கொண்டிருந்தபோது, கம்பத்தடியில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது. எழுவதற்குள் அவனைக் கடந்து போயே போய்விட்டது.

"இங்க ஒருத்தன் உக்காந்திருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்தினான். டிரைவருக்குக் கொக்குகள்தான் தெரிந்திருக்கும்.

அடுத்த பஸ்ஸைச் சத்தத்தை வைத்துப் பிடித்துவிடலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டான். சத்தம் கேட்டதும் பாய்ந்து வெளியே ஓடினான். வந்தது மணல் லாரி. திட்டிக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தபோது பஸ் அவனைத் தாண்டிப் போனது.

மணி மூன்றேகால் ஆகிவிட்டது. அவனுக்கு அழுகையே வந்தது.

சற்று நேரத்தில் பெனாசிர் அவனுடைய பைக்கிலேயே வந்து இறங்கினாள். நிழற்குடை காலியாக இருந்தது. கம்பத்தடியில் கூட்டத்தோடு கூட்டமாக ஜெரால்டு வியர்த்து வழிய நின்றிருந்தான். வேலி வரைபடத்தை மடித்துத் தலைக்குமேல் பிடித்திருந்தான்.

அவள் நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஏம்ப்பா, நிழல்ல உக்காரலாமே?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா," என்று எரிந்து விழுந்தான். "பஸ் வர்றது தெரியல."