கோலுக்குப் பின்னால் நின்றவர்

ஆசான் என்றால் தாடி இருக்க வேண்டும், காவி கட்டியிருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கதை சரிப்படாது.

இவர் பெயர் இசக்கியப்பன். கல்லூரி மைதானத்தில் புல் வெட்டுவார், சுண்ணாம்புக் கோடு போடுவார். வயது நாற்பத்தெட்டு. சீடர் கோமதிநாயகத்துக்கு அறுபத்திரண்டு. தபால் ஆபீஸில் ஸ்டாம்பு விற்று ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு ஒரு சாயங்காலம் கால் போன போக்கில் மைதானத்துக்கு வந்தார். ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்டார். இசக்கியப்பன் நாலு கல்லை வைத்துக் காட்டினார். அன்றிலிருந்து கோமதிநாயகம் அவரை ஆசான் என்றுதான் கூப்பிடுவார். ஊர் சிரித்தது. அவர் மாற்றவில்லை.

அந்தக் கல்லூரி ஃபுட்பால் அணிக்கு ஒரு கூட்டம் உண்டு. அங்கே படித்து முடித்தவர்கள், படிக்காமலே முடித்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்கள். ஆட்டம் என்றால் கடையை அடைத்துவிட்டு வருவார்கள்.

மூன்று வருஷம் முன்னால் கோமதிநாயகம் தற்செயலாக நம் கோலுக்குப் பின்னால் போய் நின்றார். அன்று கோல் விழவில்லை. அடுத்த ஆட்டத்திலும் விழவில்லை. அதற்குப் பிறகு அவரை வேறு இடத்தில் நிற்க யாரும் விட்டதில்லை. இடைவேளை முடிந்து அணி பக்கம் மாறினால், அவரும் குடையை எடுத்துக்கொண்டு மறுகோடிக்கு நடப்பார். ராசி அண்ணாச்சி என்று பெயர் வைத்தார்கள். அங்கே அவர் ஒருவர்தான் நிற்பார். அவருக்குப் பின்னால் மதில்.

ஐப்பசி. வியாழக்கிழமை. அரையிறுதி. எதிரணி ஆற்றுக்கு அக்கரைக் கல்லூரி. தூறல் விடவில்லை. போன வாரக் காற்றில் கோல் வலை கிழிந்துபோய் அவிழ்த்து வைத்திருந்தார்கள்.

நம் அணி ஒரு கோல் முன்னால். கடைசி நிமிஷம். அக்கரைப் பையன் ஒருவன் அடித்த பந்து கோல்கீப்பர் பிரான்சனின் கைக்கு அடியில் வழுக்கியது. கோட்டைத் தாண்டியது. ஒரு சாண் உள்ளே போய்ச் சேற்றில் நின்றது. பிரான்சன் குப்புற விழுந்து அதை வாரி இழுத்தான்.

நடுவர் ஆட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் இருந்தார். கொடி பிடிக்கிறவர் சேற்றில் வழுக்கி உட்கார்ந்திருந்தார். விசில் ஊதியாகிவிட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம். வெற்றி.

அடித்த பையன் அங்கேயே நின்றான். கோமதிநாயகத்தைப் பார்த்தான்.

"பெரியவரே, நீங்க பாத்தீங்கல்ல?"

கோமதிநாயகம் திரும்பிக்கொண்டார். குடைக்கம்பியில் ஏதோ சரிசெய்வதுபோல நின்றார்.

சாயங்காலம் கல்லூரி வாசல் டீக்கடையில் உட்கார இடமில்லை. ஜெயித்தவர்கள் போல யாரும் பேசவில்லை. ஞானசிகாமணி, பழைய டிரில் மாஸ்டர், மேஜையில் சிந்திய டீயில் கோடு இழுத்து மைதானம் வரைந்தார். வடைத்துண்டுகளை ஆட்டக்காரர்களாக வைத்தார். இடது பக்கம் தடுக்கிற பேக் ஓடுவதில்லை என்றார். எழுபது நிமிஷத்துக்கு மேல் நடுக்களத்தில் மூச்சு இல்லை என்றார். இப்படி ஆடினால் ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் மானம் போகும் என்றார். குறை இடதுபக்கம் இல்லை, வலதுபக்கம்தான் என்று இன்னொருவர் எகிறினார். லேத்துப் பட்டறை செல்லப்பாண்டிக்கு இரண்டு பக்கமும் பிடிக்கவில்லை.

"நம்ம பேக்கு ரெண்டு பேரும் பந்தக்கால் மாதிரில்லா நிக்கானுவ. நட்ட இடத்துல நிக்கான். மஞ்சத்துணி ஒண்ணுதான் கட்டலை."

சிரித்தார்கள். ஒருவன் இடது பேக்கை எடுத்துத் தின்றுவிட்டான்.

கோமதிநாயகம் சிரிக்கவில்லை. அவருக்கு முன்னால் டீ ஆடை கட்டிவிட்டது. அணியின் குறையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ராசிக்காரரிடம் கேட்க என்ன இருக்கிறது?

ரோட்டின் அந்தப் பக்கம் பிரான்சன் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயில்வேக்காரர்கள் ஆள் எடுக்க வருகிறார்கள் என்று பேச்சு. அவன் அப்பாவுக்கு ஒரு கால் இல்லை. அவன் டீக்கடையைப் பார்த்தான். கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

எழும்போது செல்லப்பாண்டி அவர் தோளில் கை போட்டான். கை கனமான கை.

அக்கரைக்காரர்கள் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னான். நாளைக் காலை எட்டு மணிக்குப் போட்டிக் கமிட்டி மைதானத்துக்கு வருகிறதாம். கோலுக்குப் பின்னால் குடையோடு நின்ற பெரியவரைக் கேளுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். கோல்தான் என்று முடிவானால் ஒன்றுக்கு ஒன்று, ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டும். இந்த அணி மறுபடி ஜெயிக்காது என்பது மேஜையிலேயே தெரிகிறது.

"பந்து உள்ள போகலை. அவ்வளவு சொன்னாப் போதும். நீங்க நம்ம ஆளு அண்ணாச்சி."

மெதுவாகத்தான் சொன்னான். அதுதான் பயமாக இருந்தது. போன வருஷம் பெனால்டி கொடுத்த நடுவரின் ஸ்கூட்டர் மறுநாள் கிணற்றில் கிடந்தது. யார் தள்ளினார்கள் என்று ஊருக்குத் தெரியும். ஊர் சொல்லவில்லை. கோமதிநாயகமும் சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்தை விட்டால் அவருக்கு யாரும் கிடையாது. காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவருகிறவர்கள் அவர்கள்தான்.

விடிவதற்கு முன் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் இறங்கவில்லை. பிறகு போய்விட்டது. பால்காரராக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். பால்காரர் வருவது சைக்கிளில்.

ஆறரை மணிக்கு மைதானத்துக்குப் போனார். இசக்கியப்பன் சுண்ணாம்பைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"ஆசான்."

"வாங்க."

"நம்ம டீமோட குறை எந்தப் பக்கம் ஆசான்? இடதா, வலதா?"

இசக்கியப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். சல்லடையைக் கீழே வைத்தார்.

"இதைக் கேக்கவா இந்நேரத்துக்கு வந்தீங்க?"

கோமதிநாயகத்தின் கண் மதில் பக்கத்துக் கோலுக்குப் போனது.

மழைக்காலத்தில் ஆட்டம் முடிந்ததும் இரண்டு கோல்வாயையும் தார்ப்பாயால் மூடிவிடுவது இசக்கியப்பன் வழக்கம். இல்லாவிட்டால் அங்கே குளம் கட்டிவிடும். மதில் பக்கத்துக் கோலுக்கு நடந்தார். தார்ப்பாயின் மேல் கிடந்த கற்களைத் தள்ளினார். ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டினார்.

வெளியே எல்லாம் மழை கழுவிப் போயிருந்தது. உள்ளே நேற்றைய ஆட்டம் அப்படியே இருந்தது. கலைந்த வெள்ளைக் கோடு. கோட்டுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி உருண்டையாக ஒரு குழி. குழியிலிருந்து முன்னால் இழுத்த அஞ்சு விரல் கீறல்.

இன்னும் பின்னால் செருப்புத் தடம். இரண்டு தடம் கோலைப் பார்த்து. அடுத்த இரண்டு மதிலைப் பார்த்து.

இசக்கியப்பன் கையை நீட்டி ஒன்றும் காட்டவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார்.

"நேத்தே பாத்துட்டீங்களா?" என்றார் கோமதிநாயகம்.

"மூடும்போது பாத்தேன்."

"யாருட்டயும் சொன்னீங்களா?"

"என்னை யாரு கேட்டா?"

கோமதிநாயகத்தின் குரல் இறங்கிவிட்டது. "இதை அழிச்சிரலாமா ஆசான்?"

"ஏன்?"

"பயமா இருக்கு."

"யாரைக் கண்டு?"

கோமதிநாயகம் யோசித்தார். செல்லப்பாண்டி என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

இசக்கியப்பன் மண்வெட்டியை எடுத்தார். கோமதிநாயகத்துக்கு உயிர் வந்தது. ஆனால் ஆசான் குழியைத் தொடவில்லை. வெள்ளைக் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டார். சுண்ணாம்பு டின்னைத் தூக்கிக்கொண்டு குழிக்குப் பின்னால் போனார். அங்கே புதிதாக ஒரு கோடு போட்டார்.

"அழிப்பானேன்? இப்பப் பாருங்க. பந்து உள்ள போகலை."

கோமதிநாயகம் பார்த்தார். கோடு ஒரு பக்கம் கிடந்தது, கம்பம் ஒரு பக்கம் நின்றது.

"கோல்கம்பம் முன்னால நிக்கே ஆசான்."

"பிடுங்கிப் பின்னால நட்டுருவோம்."

"கம்பம் நகர்ந்தா பெனால்டிப் பெட்டி?"

"அதையும் நகர்த்துவோம்."

"நடுக்கோடு?"

"அதையும்தான்."

"எல்லாம் இந்தப் பக்கம் வந்தா, அந்தக் கோல்?"

"அதுவும் வரும். மைதானத்தையே ரெண்டு சாண் இழுத்துட்டாப் போச்சு. ஒரு நாள் வேலை."

இசக்கியப்பன் சிரிக்கவில்லை. கோமதிநாயகமும் சிரிக்கவில்லை.

"நீங்க ஒண்ணு செய்யணும்" என்றார் இசக்கியப்பன். "இப்ப நீங்க கோட்டு மேல நிக்கீங்க. தள்ளி நில்லுங்க."

கோமதிநாயகம் பின்னால் நகர்ந்தார்.

"இன்னும்."

நகர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம்."

முதுகு மதிலில் இடித்தது. மதில் மழையில் ஊறிச் சில்லென்று இருந்தது. ஈரம் சட்டைக்குள் இறங்கியது.

"இதுக்கு மேல எடமில்லை ஆசான்."

இசக்கியப்பன் சுண்ணாம்பு டின்னைக் கீழே வைத்தார்.

ரோட்டில் பைக் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, நாலைந்து. கல்லூரி வாசலில் வந்து நின்றது. செல்லப்பாண்டியின் குரல் கேட்டது. அவனோடு ஞானசிகாமணியும் இருந்தார். இன்னும் இடதா வலதா என்று முடிவாகவில்லை போலிருக்கிறது. பேசிக்கொண்டே மைதானத்துக்குள் இறங்கினார்கள்.

கோமதிநாயகம் மதிலை விட்டு முதுகை எடுத்தார். கால் எழும்பவில்லை. கீழே பார்த்தார். மதிலைப் பார்த்துத் திரும்பிய அந்த இரண்டு செருப்புத் தடமும் அவருக்கு முன்னால் கிடந்தன. அக்கரைப் பையன் பெரியவரே என்று கூப்பிட்டது காதில் கேட்டது. மரியாதையாகத்தான் கூப்பிட்டான். அவரைத் திட்டியிருந்தால் இரவு தூங்கியிருப்பார்.

ஒரு அடி வைத்தார். அடுத்ததும் வைத்தார். தடத்தை மிதித்துத் தாண்டினார்.

குனிந்து மண்வெட்டியை எடுத்தார். புதுக் கோட்டைச் சுரண்டினார். அந்தக் குழியின் மேல் துளி மண்கூட விழாமல் சுரண்டினார். இசக்கியப்பன் கயிற்றை எடுத்தார். ஒரு முனையை இந்தக் கம்பத்திலும் மறுமுனையை அந்தக் கம்பத்திலும் கட்டி இழுத்தார். டின்னைச் சீடரிடம் நீட்டினார்.

கோமதிநாயகம் கயிற்றை ஒட்டிச் சுண்ணாம்பு விட்டுக்கொண்டே நடந்தார். டின் கையில் கடகடவென்று ஆடியது. அவர் இதற்கு முன் கோடு போட்டதில்லை. பார்த்துத்தான் பழக்கம்.

"என்ன செய்யுதீங்க அண்ணாச்சி?" செல்லப்பாண்டி தூரத்திலிருந்து கேட்டான். குரலில் இன்னும் மரியாதை இருந்தது. அவன் பின்னால் நாலு பேர். தார்ப்பாய் சுருட்டிக் கிடப்பதை அவன் பார்த்துவிட்டான். நடை வேகமானது.

கோமதிநாயகம் தலை நிமிரவில்லை. அந்தக் கம்பம் வரை போய் முடித்தார். குழி இப்போது கோட்டுக்கு உள்ளே இருந்தது. கண் இருக்கிற எவனுக்கும் தெரியும். அவர் அதன் பக்கத்தில் போய் நின்றார்.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கமிட்டிக்காரர்கள் இறங்கினார்கள். அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

"இப்பவும் பயமாத்தான் இருக்கு ஆசான். கை நிக்க மாட்டேங்கு."

இசக்கியப்பன் கம்பத்தடியில் குந்தினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கயிற்றின் நெடுகப் பார்த்தார்.

"நடுங்கட்டும். கோடு கயிறை விட்டு விலகலை. டின்னைக் கீழ வைங்க, வந்துட்டாங்க."